எழுத்தாளர் முகம் போட்ட பெசெத்தா நோட்டு: பணம் கொடுக்கும் முன்

ஸ்பெயினின் பழைய நோட்டு ஒன்றை 'நோபல் பரிசு பெற்றவர் படம், அபூர்வம்' என்று யாராவது விற்க வந்தால் முதலில் விலையைப் பார்க்காதீர்கள், நோட்டின் நிலையைப் பாருங்கள். 1971 தேதியிட்ட 1000 பெசெத்தா (யூரோவுக்கு முன்பு ஸ்பெயினில் இருந்த நாணயம்) நோட்டில் இருக்கும் நாடகாசிரியர் ஹொசே எச்செகராய் 1904இல் நோபல் பெற்றவர். 1980 தேதியிட்ட 2000 பெசெத்தாவின் கவிஞர் ஹுவான் ரமோன் ஹிமேனெஸ் 1956இல் பெற்றவர். இரண்டுமே கோடிக்கணக்கில் அச்சாகிப் புழங்கியவை. கசங்கிய பிரதிகள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன.

முன்பு இவற்றுக்கு ஓர் அடிவிலை இருந்தது. 166.386 பெசெத்தாவுக்கு ஒரு யூரோ என்ற கணக்கில் ஸ்பெயின் வங்கி மாற்றிக் கொடுத்ததால், 1000 பெசெத்தா எவ்வளவு கந்தலானாலும் சுமார் 6.01 யூரோவுக்குக் கீழே போகாது. அந்த மாற்று வசதி 2021 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்தது. இன்னமும் 'வங்கியில் மாற்றலாம்' என்று சொல்லி விற்பவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

எச்செகராய் நோட்டின் பின்புறம் ஏன் வங்கிக் கட்டடம் என்று கேட்பார்கள். 1874இல் நிதியமைச்சராக இருந்து, நோட்டு அச்சிடும் ஏகபோக உரிமையை ஸ்பெயின் வங்கிக்குக் கொடுத்தவர் அவர்தான். நாடகத்துக்காக மட்டும் கிடைத்த மரியாதை இல்லை அது!

தொடங்குபவர்களுக்கு 1979, 1980 தேதியிட்ட வரிசை வசதியானது. 200இல் 'கிளாரின்' என்ற புனைபெயரில் எழுதிய லெயோபோல்தோ அலாஸ், 500இல் கலீசியக் கவிஞர் ரொசாலியா தெ காஸ்த்ரோ, 1000இல் நாவலாசிரியர் பெனித்தோ பெரெஸ் கல்தோஸ், 2000இல் ஹிமேனெஸ். அதற்கு முந்தைய தலைமுறையில் 100 பெசெத்தாவில் கவிஞர் பெக்கர் (1965), 500இல் கட்டலான் கவிஞர் வெர்தகேர் (1971). நோட்டில் இருக்கும் தேதி அச்சிட அனுமதித்த நாள், வெளியான நாள் அல்ல. கல்தோஸ் நோட்டில் 1979 என்று இருக்கும், கைக்கு வந்ததோ 1982இல். தேதியை வைத்து 'முதல் ஆண்டு வெளியீடு' என்று கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கூடுதல் விலைக்கு உண்மையான காரணம் வரிசை எண்ணில் இருக்கிறது. எண்ணுக்கு முன்னால் எழுத்தே இல்லாதவை முதலில் அச்சானவை. அதற்குப் பிறகுதான் ஏ, பி என்று தொடரும். 9ஏ, 9பி, 9சி என்று தொடங்கினால், அச்சில் கெட்டுப்போனவற்றுக்குப் பதிலாகச் சேர்த்த மாற்று நோட்டு. இந்த இரண்டு வகையையும்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

ஏமாற்று பெரும்பாலும் நோட்டின் நிலையில்தான் நடக்கிறது. புழங்கிய நோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, 'அன்சர்குலேட்டட்' (புழக்கத்துக்கே போகாதது) என்று தள்ளிவிடுவார்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சை நோட்டின் பக்கவாட்டில் ஏறக்குறைய கிடையாகப் பிடித்துப் பாருங்கள். நடுவில் செங்குத்தாக ஒரு மங்கலான கோடு தெரிந்தால் அது மடிப்பு. இஸ்திரி மடிப்பைத் தட்டையாக்கும், உடைந்த நார்களை ஒட்டவைக்காது. ரொசாலியாவின் முகத்தில் மை லேசாக மேடு தட்டியிருக்க வேண்டும், பின்புறத்தில் அதன் பதிவும் தெரிய வேண்டும். அது வழவழவென்று இருந்தால் அழுத்தியிருக்கிறார்கள். பிறகு புறஊதா விளக்கு: நோட்டுத் தாள் மங்கலாகத்தான் இருக்கும், சோப்புத்தூளில் ஊறியது சலவைச் சட்டை மாதிரி நீலவெள்ளையாக ஒளிரும். கிழிந்த ஓரத்தைச் சீராக வெட்டிய நோட்டும் வரும். அதே வகை நோட்டு ஒன்றின் மேல் வைத்து நான்கு ஓரங்களையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ஸ்பெயின் உள்நாட்டுப் போர்க்கால (1936-39) நோட்டுகளில் வேறொரு வலை இருக்கிறது. 1928 தேதியிட்ட 100 பெசெத்தாவில் 'டான் குயிக்ஸோட்' எழுதிய செர்வாந்தேஸ், 1931 தேதியிட்ட 1000இல் கவிஞர் சொரிய்யா. சொரிய்யா நோட்டின் பின்புறத்தில் அவர் நண்பர்கள் நடுவே கவிதை வாசிக்கும் எஸ்கிவெல்லின் ஓவியம் இருக்கும். 1936இல் குடியரசை எதிர்த்துப் போரிட்ட ஜெனரல் பிராங்கோவின் தரப்பு, போருக்கு முன் புழக்கத்துக்கு வந்த நோட்டுகளில் தன் தலைமையிடமான 'பூர்கோஸ்' நகரின் பெயரோடு மையில்லாத அழுத்த முத்திரை குத்தியது. அந்த முத்திரை இருந்தால் விலை ஏறும் என்பதால் போலி அச்சு செய்து குத்துகிறார்கள். உண்மையான முத்திரை நோட்டோடு சேர்ந்து கைமாறித் தேய்ந்திருக்கும், மடிப்பு குறுக்கே போன இடத்தில் மழுங்கியிருக்கும். நோட்டு நைந்துபோயும் முத்திரை மட்டும் நேற்றுக் குத்தியதுபோல் கூர்மையாக இருந்தால் வேண்டாம். மடிப்பே இல்லாத நோட்டில் முத்திரையை நாமாக முடிவு செய்வது கடினம். சான்று இல்லாமல் கூடுதல் பணம் தராதீர்கள்.

வாங்கிய பிறகு கடையில் கிடைக்கும் மலிவு பிவிசி ஆல்பத்தில் செருகாதீர்கள். அதை மென்மையாக்கச் சேர்த்த வேதிப்பொருள் கசிந்து தாளில் பிசுபிசுக்கும், மையையும் இழுக்கும். பாலியெஸ்டர் உறை நல்லது. லேமினேஷன் செய்துவிட்டால் அந்த நோட்டை யாரும் வாங்க மாட்டார்கள்.