அரை மில்லிமீட்டர் அசைவு

"மனச்சிதைவா, இருமுனைக் கோளாறா என்று மூளையை ஸ்கேன் செய்து சொல்லிவிட முடியாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்பது பிரமைகளும் மாயக்குரல்களும் வாட்டும் நோய்; இருமுனைக் கோளாறு (பைபோலார்) என்பது கட்டுக்கடங்காத எழுச்சியும் சோர்வும் வந்து வந்து போகும் நோய். இரண்டிலும் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு மாறியிருப்பதாக எங்கோ படித்தாராம். படித்தது சரிதான். ஆனாலும் முடியாது. ஏன் என்று புரிய வேண்டுமானால், இந்த ஆய்வுகள் 'இணைப்பு' என்று எதைச் சொல்கின்றன, அதை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். வேடிக்கையே அந்த அளவீட்டில்தான் இருக்கிறது.

நரம்பணுக்கள் சுறுசுறுப்பானால் அந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும் என்பது பள்ளிப் பாடம். ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபினும் அதை இழந்த ஹீமோகுளோபினும் காந்தப்புலத்தில் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். இதை வைத்தே எம்.ஆர்.ஐ கருவியில் ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைப் படம் பிடிக்கலாம் என்று 1990இல் செய்ஜி ஒகாவா காட்டினார். 1995இல் பரத் பிஸ்வாலும் சகாக்களும் இன்னொன்றைக் கவனித்தார்கள். ஆள் எதுவும் செய்யாமல் சும்மா படுத்திருக்கும்போதும், இடது கையை இயக்கும் பகுதியும் வலது கையை இயக்கும் பகுதியும் தரும் சிக்னல்கள் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குகின்றன. 'செயல் இணைப்பு' என்பது இந்தச் சேர்ந்தாட்டம்தான். இரண்டு இடங்களுக்கு நடுவே நேரடி நரம்பிழை ஓட வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை.

ஸ்கேன் நடக்கும் விதம் எளிது. கண்ணைத் திறந்து ஒரு கூட்டல் குறியைப் பார்த்தபடி எட்டு நிமிடம் படுத்திருக்க வேண்டும். இரண்டு விநாடிக்கு ஒரு முறை முழு மூளையும் படமாகும், ஆக 240 படங்கள். ஒவ்வொரு படமும் சுமார் 3 மில்லிமீட்டர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களால் ஆனது. இவற்றுக்கு வோக்சல் என்று பெயர். வோக்சல்களை 200 பகுதிகளாகத் தொகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஏற்ற இறக்கக் கோடு வரைவார்கள். பிறகு எந்தக் கோடு எந்தக் கோட்டோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடுவார்கள். 200 பகுதி என்றால் 19,900 ஜோடிகள். இங்கேயே முதல் பள்ளம் காத்திருக்கிறது. நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் எந்த வேறுபாடும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். தற்செயலாக நேர 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பே உள்ள வேறுபாட்டை நிஜம் என்று கொள்வது வழக்கமான வரம்பு. இத்தனை ஜோடிகளுக்கு ஏற்ப அதைத் திருத்தாமல் பயன்படுத்தினால், தற்செயலாகவே ஏறத்தாழ 995 ஜோடிகள் 'வேறுபட்டவை' என்று எழுந்து நிற்கும்.

இந்தப் பள்ளம் புள்ளியியல் தெரிந்தவர்களுக்குப் பழையது. அடுத்தது அப்படியில்லை. தலை அசைவைச் சொல்கிறேன்.

மூளையின் ஒரு மடிப்பும் அதைச் சுற்றியுள்ள திரவமும் சந்திக்கும் விளிம்பில் ஒரு வோக்சல் இருக்கிறது. அதற்குள் பாதி திசு, பாதி திரவம். இப்போது படுத்திருப்பவர் எச்சில் விழுங்குகிறார், தலை அரை மில்லிமீட்டர் சாய்கிறது. அதே வோக்சலுக்குள் திசுவின் பங்கு குறைந்து திரவத்தின் பங்கு கூடிவிடுகிறது. மூளையில் எதுவுமே நடக்கவில்லை, ஆனால் சிக்னல் குதிக்கிறது. போதாததற்கு, கருவி மூளையை அடுக்கடுக்காக, முறைவைத்து ரேடியோ அலையால் தூண்டிப் படமெடுக்கிறது. தலை நகர்ந்தால் ஓர் அடுக்கில் இருந்த திசு பக்கத்து அடுக்குக்குப் போய்விடும், தன் முறை வரும் முன்பே இரண்டாம் தடவை தூண்டப்படும். முதல் தூண்டலில் குலைந்த காந்தமாக்கம் அதற்குள் பழைய நிலைக்கு மீண்டிருக்காது என்பதால் சிக்னல் சரியும். இந்தச் சரிவு அசைவு நின்ற உடனே நிற்பதில்லை, அடுத்த சில படங்களிலும் தொடரும்.

இதெல்லாம் வெறும் இரைச்சலாக இருந்திருந்தால் பரவாயில்லை. இந்தப் பிழைக்கென்று ஓர் அமைப்பு இருப்பதுதான் வில்லங்கம். தலை திரும்பும்போது அருகருகே உள்ள புள்ளிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி நகர்கின்றன. நெற்றிப் பக்கமும் பிடரிப் பக்கமுமோ எதிரெதிராக நகர்கின்றன. அதனால் பக்கத்துப் பகுதிகளின் கோடுகள் சேர்ந்து குதிக்கும், தூரத்துப் பகுதிகளின் கோடுகள் பிரிந்து போகும். ஒட்டுறவுக் கணக்கில் இது எப்படித் தெரியும்? கிட்டத்து இணைப்பு கூடுதல், தொலைதூர இணைப்பு குறைவு. அசல் நோய்க் கண்டுபிடிப்பு மாதிரியே இருக்கும்! 2012இல் ஜொனதன் பவரும் சகாக்களும் இதை விளக்கமாகக் காட்டியபோது, குழந்தை வளர வளர மூளையில் தொலைதூர இணைப்பு வலுப்பெறுகிறது என்று அதுவரை சொல்லப்பட்டதில் ஒரு பங்கு, சின்னப் பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிகம் நெளிந்ததன் விளைவு என்று தெரிந்தது.

மனநோய் ஆய்வில் இது இன்னும் கடுமையாகக் கடிக்கும். பதற்றத்தோடு உள்ளே போகிறவர் அசையாமல் இருப்பது கடினம். மனச்சிதைவுக்கான சில மருந்துகள், ஓரிடத்தில் நிலைகொள்ள விடாத தவிப்பைப் பக்கவிளைவாகவே தரும்.

திருத்தும் முறை இப்படி. ஒவ்வொரு படத்துக்கும் தலை எவ்வளவு நகர்ந்தது என்று ஆறு எண்கள் கிடைக்கும்: மூன்று நகர்வு, மூன்று திருப்பம். திருப்பத்தை 50 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் மேல் நடந்ததாகக் கொண்டு மில்லிமீட்டராக்குவார்கள். ஒரு டிகிரி திருப்பம் என்பது 0.87 மில்லிமீட்டர். ஆறையும் கூட்டி வரும் தொகை 0.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்தப் படத்தையும் அதையொட்டிய சிலவற்றையும் வெட்டி எறிவார்கள். கறாரானவர்கள் 0.2 மில்லிமீட்டரிலேயே கோடு கிழிப்பார்கள். 240 படங்களில் 100 போனால் மிச்சம் 4 நிமிடம் 40 விநாடி. குறைந்தது ஐந்து நிமிடத் தரவு வேண்டும் என்று விதி வைத்திருக்கும் குழு அந்த ஆளையே பட்டியலிலிருந்து நீக்கிவிடும். நீக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் யார்? அதிகம் தவித்தவர்கள், நோய் முற்றியவர்கள். அசைவுப் பிழையை விரட்டப் போய், அமைதியாகப் படுத்திருக்கக் கூடிய நோயாளிகளை மட்டுமே ஆராய்ந்த கதையாகிவிடுகிறது. இதற்கு முழு விடிவு இன்னும் இல்லை.

இவ்வளவு வடிகட்டியும் தங்குகிறவை உண்டு. மனச்சிதைவில், புலன் செய்திகளை மூளையின் மேற்பரப்புக்குக் கடத்தும் தலாமஸ் என்ற நடுப்பகுதிக்கும் நெற்றிப்புற மூளைக்கும் இடையிலான சேர்ந்தாட்டம் குறைகிறது. அதே தலாமஸ் தொடுவுணர்வு, அசைவுப் பகுதிகளோடு அளவுக்கு மீறிச் சேர்ந்தாடுகிறது. இருமுனைக் கோளாறிலும் இதே கோலம் மங்கலாகத் தெரிகிறது. நரம்பிழைகளையே பார்க்கும் முறை வேறு: நீர் மூலக்கூறுகள் இழையின் நீளவாக்கில் எவ்வளவு சீராகப் பரவுகின்றன என்று அளப்பது. எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 2018இல் மனச்சிதைவுள்ள 1,963 பேரையும் நோயற்ற 2,359 பேரையும் ஒப்பிட்டது. பார்த்த 25 பகுதிகளில் 20இல் அந்தச் சீர்மை குறைந்திருந்தது. அடுத்த ஆண்டு இருமுனைக் கோளாறுக்கும் அப்படியே செய்தார்கள். அங்கே குறைவு மிகுதியாகத் தெரிந்தது இரு அரைக்கோளங்களைப் பிணைக்கும் கார்பஸ் கலோசத்திலும் சிங்குலம் என்ற இழைக் கற்றையிலும். மனநிலையைச் சீராக்கும் மருந்தான லித்தியம் எடுத்துக்கொண்டவர்களிடம் சீர்மை சற்று மேலாக இருந்தது.

அப்படியென்றால் ஏன் கண்டறியும் சோதனையாக இது உதவவில்லை? மனச்சிதைவில் இழைச் சீர்மையின் முழு மூளைச் சராசரிக்குக் கிடைத்த விளைவு அளவு 0.42. அதாவது, இரு குழுக்களின் சராசரிக்கு நடுவே உள்ள இடைவெளி, ஆளுக்கு ஆள் உள்ள வழக்கமான சிதறலில் (திட்ட விலக்கத்தில்) 0.42 பங்குதான். இதை எளிய கணக்காக்கலாம். நோயுள்ள ஒருவரையும் நோயற்ற ஒருவரையும் குலுக்கலில் எடுத்து, 'குறைந்த எண் யாருக்கோ அவர்தான் நோயாளி' என்று சொன்னால், நூற்றுக்கு ஏறத்தாழ 62 முறை சரியாக இருக்கும். நாணயத்தைச் சுண்டினால் 50. அதுவும் நோயாளிக்கும் நலமானவருக்கும் இடையிலான போட்டியில். வாசகர் கேட்டதோ இரண்டு நோய்களுக்கும் நடுவே. மரபணு அளவில் அவை பெருமளவு ஒன்றையொன்று தழுவியிருக்கின்றன. ஒரே ஆள் ஒரே வாரத்தில் இரு முறை படுத்தாலும் கோலம் கொஞ்சம் மாறும்.

பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்க அலைந்து மாதங்களைத் தொலைக்கும் குடும்பங்கள் எங்கும் இருக்கின்றன. படித்தவர்களிடம் அதே வேலையைச் சிவப்பும் நீலமுமாக வண்ணம் தீட்டிய மூளைப் படம் செய்கிறது. அந்த நிறங்கள் புள்ளியியல் எண்களுக்குப் பூசியவை என்று அதை விற்கிறவர் சொல்ல மாட்டார். ஆய்வுக்குப் பணம் தருகிறவர்கள்மீதும் எனக்கு வருத்தம் உண்டு. 20 நோயாளி, 20 நலமானவர், ஆளுக்கு ஒரு ஸ்கேன் என்ற வகை ஆய்வுக்குக் காசு எளிதாகக் கிடைக்கிறது. ஒரே ஆளை எழுச்சி, சோர்வு, அமைதி மூன்று நிலைகளிலும், மருந்துக்கு முன்னும் பின்னும் பல ஆண்டு தொடரும் ஆய்வுக்குக் கிடைப்பதில்லை. இருமுனைக் கோளாறில் எது நோயின் நிரந்தரத் தடம், எது அன்றைய மனநிலையின் நிழல் என்று பிரிக்க வேறு வழி கிடையாது.

முதல் தடவை மனப்பிறழ்வு (நிஜம் எது, பிரமை எது என்று பிரிக்க முடியாத நிலை) வந்தவருக்கு மருத்துவர் எம்.ஆர்.ஐ எழுதித் தந்தால், கட்டி, மூளை அழற்சி போன்றவை இல்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான். எந்த நோய் என்பதை அவர் நாட்காட்டியை வைத்துத் தீர்மானிக்கிறார். கட்டுக்கடங்காத எழுச்சி, தூக்கம் தேவைப்படாத வேகம் ஒரு வாரமாவது நீடித்ததா? பிரமைகளும் மாயக்குரல்களும் அந்த எழுச்சியோடு வந்து அதோடு போனதா, மனநிலை சீராக இருந்த நாட்களிலும் தொடர்ந்ததா? அறிகுறிகள் ஆறு மாதத்தைத் தாண்டியதா? வீட்டில் ஒருவர் இந்தத் தேதிகளைக் குறித்துக் கொண்டுபோனால், வாசகர் கேட்ட கேள்விக்கு அந்தத் தாள் எந்த ஸ்கேனையும்விடச் சரியாகப் பதில் சொல்லும்.