ஆளில்லாத மண்டபத்தைத் தொலைவிலிருந்து சூடேற்றுதல்

இங்கிலாந்தின் ஊர்ப்புறங்களில் ஏறத்தாழ பத்தாயிரம் சமூக மண்டபங்கள் இருக்கின்றன. அவற்றில் பல, முதல் உலகப் போரில் உயிரிழந்த உள்ளூர்க்காரர்களின் நினைவாக எழுப்பப்பட்டவை. ஒரே கூடத்தில் காலையில் மழலையர் விளையாட்டுக் குழுவும், பிற்பகலில் முதியோர் தேநீர்க் கூட்டமும், மாலையில் உடற்பயிற்சி வகுப்பும் நடக்கும். லண்டன் வட்டாரத்தில் வார இறுதித் தமிழ் வகுப்புகளும் பிறந்தநாள் விருந்துகளும் இத்தகைய வாடகைக் கூடங்களில் நடப்பதுண்டு. இடைப்பட்ட நேரமெல்லாம் கூடம் காலியாகக் கிடக்கும். அதை நடத்துவோர் ஊதியம் பெறாத ஒரு குழுவினர் என்பதால், குளிர்காலத்தில் நிகழ்ச்சிக்கு முன்பே சென்று, ரேடியேட்டர்களுக்குச் சுடுநீர் அனுப்பிக் கூடத்தைச் சூடாக்கும் கொதிகலனை இயக்கவும் முடிந்தபின் அணைக்கவும் ஆள் கிடைப்பது அரிது. வாராந்தர நேரக் கருவி ஒன்றைச் சுவரில் பொருத்திவிட்டால், வாடகைக்கு வருவோர் ஆளுக்கொரு விதமாக அதைத் திருகிவைத்துவிட்டுப் போவார்கள். ஆகவே, வீட்டிலிருந்தபடி கைப்பேசியில் இயக்க முடியுமா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

முடியும், அதுவும் குறைந்த செலவில் முடியும். ஆனால், தொலைவிலிருந்து கொதிகலனை இயக்குவது இதில் எளிய பகுதி. அதை எந்த நேரத்தில் இயக்குவது என்பதே கடினமான பகுதி. சிறிய கணக்கொன்று போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

15 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் கொண்ட கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதனுள் 480 கன மீட்டர் காற்று, அதாவது ஏறத்தாழ 580 கிலோ காற்று இருக்கிறது. அதை 8 டிகிரி செல்சியசிலிருந்து 18 டிகிரிக்கு உயர்த்த வேண்டிய ஆற்றல் வெறும் 1.6 கிலோவாட் மணிதான். 24 கிலோவாட் திறனுள்ள சாதாரண எரிவாயுக் கொதிகலன் இந்த ஆற்றலை நான்கு நிமிடத்தில் தந்துவிடும். நடைமுறையிலோ அத்தகைய கூடம் சூடேற இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. காரணம், சூடேற வேண்டியது காற்று மட்டுமன்று. அந்தக் கூடத்தின் சுற்றுச்சுவர்களில் உட்பக்கத்துப் பத்து சென்டிமீட்டர் செங்கல்லை மட்டும் கணக்கிட்டாலே எடை 35 டன் வரும். அதன் வெப்ப ஏற்புத்திறன் உள்ளிருக்கும் காற்றுடையதைப் போல் ஐம்பது மடங்கு. அதை முழுவதும் பத்து டிகிரி உயர்த்த 80 கிலோவாட் மணிக்கு மேல் தேவைப்படும். கனமான இரும்புத் தோசைக்கல்லை அடுப்பிலேற்றிய உடனே மாவை ஊற்றினால் என்ன ஆகுமோ, அதுவே சுவர் சூடேறாத கூடத்தில் தொடங்கும் கூட்டத்துக்கும் ஆகிறது.

சுவர் குளிர்ந்திருந்தாலும் காற்று சூடானால் போதாதா என்று கேட்கலாம். போதாது. நம் உடல், சுற்றியுள்ள காற்றோடு மட்டுமன்றிச் சுற்றியுள்ள பரப்புகளோடும் கதிர்வீச்சின் வழியே வெப்பத்தைப் பரிமாறிக்கொள்கிறது. காற்றோட்டம் அதிகமில்லாத அறையில் நாம் உணரும் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலைக்கும் சுவர், தரை, கூரை ஆகியவற்றின் சராசரி வெப்பநிலைக்கும் ஏறத்தாழ நடுவில் அமையும். காற்று 19 டிகிரியிலும் சுவர்கள் 9 டிகிரியிலும் இருந்தால், உள்ளே அமர்ந்திருப்பவருக்கு 14 டிகிரிபோலவே தோன்றும். வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் திரை 19 என்று காட்டிக்கொண்டிருக்க, மேலங்கியைக் கழற்றாமல் அமர்ந்திருக்கும் முதியவர்கள் குறை சொல்வதற்கு அடிப்படை இதுதான். உயரமான கூரையுள்ள கூடத்தில் சூடான காற்று மேலே சென்று தேங்கிவிடுவது இதைக் கூட்டுகிறது. நேரடியாக ஆட்களின் மீது கதிர்வீசும் அகச்சிவப்பு மின் தகடுகளைச் சில கூடங்களில் மாட்டுவதற்கும் காரணம் இதுவே. அவற்றை நிகழ்ச்சி தொடங்கச் சற்று முன்பு இயக்கினால் போதும்.

"அப்படியானால் எப்போதும் மிதமாக எரியவிட்டுவிடலாமே, குளிர்ந்த சுவரை மீண்டும் சூடேற்றும் செலவு மிச்சமாகுமே" என்ற வாதம் எல்லாக் குழுக்கூட்டங்களிலும் எழக்கூடியது. இயற்பியல் இதை ஏற்பதில்லை. உள்ளே எவ்வளவு சூடோ, வெளியே எவ்வளவு குளிரோ, அந்த வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. கட்டடம் குளிர்ந்து கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பு குறைகிறது. வாரத்தில் இருபது மணி நேரமே பயன்படும் கூடத்தை மீதி நேரமெல்லாம் மிதமாகச் சூடாக வைத்திருப்பது, யாரும் இல்லாத இடத்துக்குக் கட்டணம் கட்டுவதாகும். இதற்கு ஒரு வரம்பு மட்டும் உண்டு: நீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுவதால், உறைந்த குழாய்கள் வெடிக்கும். ஆகையால் உள்வெப்பநிலை 5 டிகிரியை நெருங்கும்போது கொதிகலன் தானே எரியத் தொடங்கும் உறைபனிக் காப்பு எந்த நிலையிலும் செயலில் இருக்க வேண்டும். அது இணையத்தையோ கைப்பேசியையோ நம்பியிருக்கக் கூடாது.

இனி, இயக்கும் முறைக்கு வருவோம். அறைத் தெர்மோஸ்டாட் என்பதே தொலைவிலிருந்து இயக்கும் ஆசையில் பிறந்த கருவிதான். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், காவலாளி ஒவ்வொரு வகுப்பாக நுழைந்து வெப்பநிலையைப் பார்த்துவிட்டு, அடித்தளத்துக்குச் சென்று காற்றுத் தடுப்புகளைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அங்கே பேராசிரியராக இருந்த வாரன் ஜான்சன், அறையின் வெப்பநிலை மாறும்போது மின்சுற்றை மூடி அடித்தளத்தில் மணியை ஒலிக்கச் செய்யும் கருவியை அமைத்து, 1883-ல் காப்புரிமை பெற்றார். இன்றைய கொதிகலனுக்கும் சாரம் மாறவில்லை. "வெப்பம் வேண்டும்" என்ற செய்தி, பெரும்பாலான கொதிகலன்களில், இரண்டு கம்பிகள் இணைகின்றனவா பிரிகின்றனவா என்பது மட்டுமே. கம்பிகளை இணைத்தால் கொதிகலன் எரியும்; பிரித்தால் அணையும். நீரின் சூட்டைப் பார்த்துக்கொள்வதும் சுடர் அணைந்தால் எரிவாயுவை நிறுத்துவதும் கொதிகலனின் உள்ளமைப்பு செய்யும் வேலைகள். அவற்றில் நாம் கைவைக்கத் தேவையுமில்லை, உரிமையுமில்லை. பிரிட்டனில் எரிவாயுப் பணிகளைப் பதிவுபெற்ற பொறியாளர் மட்டுமே செய்யலாம்.

ஆகவே நமக்கு வேண்டியது, அந்த இரு கம்பிகளை இணைத்துப் பிரிக்கும் ஒரு ரிலே. அதனோடு வைஃபை கொண்ட ஒரு நுண்கட்டுப்படுத்தி, அதாவது கணினிச் சில்லு. வெப்பநிலையை அளக்க ஒரு சென்சர். கடையில் விற்கும் வைஃபை ரிலேக்களும், அரை டிகிரிப் பிழைக்குள் அளக்கும் எண்முறைச் சென்சர்களும், கையிலடங்கும் ராஸ்பெர்ரி பை கணினியும் சேர்ந்தாலும், மின்பணியாளரின் கூலியைவிடக் குறைவாகவே செலவாகும். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்க நினைப்பது தவறு. பழைய தெர்மோஸ்டாட் கம்பிகளில் 230 வோல்ட் பாயும் கொதிகலன்களும் உண்டு, மின்னழுத்தம் அறவே செலுத்தப்படக் கூடாத கொதிகலன்களும் உண்டு. தவறான ரிலேயைப் பொருத்தினால் கொதிகலனின் மின்பலகை கருகிவிடும். பிரிட்டனில் விற்கும் நேரக் கருவிகள் பலவும் ஒரே வகைப் பின்தட்டில் பொருந்துபவை என்பது இங்கே பெரிய வசதி. தெரிந்தவர் கையில், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட நெடுநேரம் ஆகாது.

கட்டளை அங்கே எப்படிப் போய்ச் சேருகிறது? பல மண்டபங்களில் அகலப்பட்டை இணைப்பு இல்லை. மாதக் கட்டணம் கட்டி அதை வாங்கவும் மனம் வராது. சிறிய 4ஜி ரௌட்டரும் குறைந்த தரவுள்ள சிம் அட்டையும் போதுமானவை. ஆனால் கைப்பேசி நிறுவனங்கள் ஒரே இணைய முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால், வெளியிலிருந்து மண்டபத்துக் கருவியை நேரே அழைக்க முடியாது. இதற்கான தீர்வு திசையை மாற்றுவது: மண்டபத்துக் கருவி தானே வெளியே உள்ள ஒரு வழங்கியுடன் (சர்வர்) தொடர்பு கொண்டு, அந்தத் தொடர்பை மூடாமல் வைத்திருக்கும், நம் கட்டளை திறந்திருக்கும் அந்த வழியே திரும்பி வரும். இதற்குப் பெரிதும் பயன்படும் எம்.கியூ.டி.டி. என்ற செய்திப் பரிமாற்ற நெறிமுறையை, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் 1999-ல் வகுத்தார்கள். பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்கென்று பிறந்தது அது. செய்தியின் தலைப்பகுதி இரண்டு பைட் அளவுக்குச் சுருங்கக்கூடியது. அவ்வளவு சிக்கனமானதால், மாதத்துக்குச் சில மெகாபைட் தரும் சிம் அட்டைக்கும் பொருந்துகிறது. குறுஞ்செய்தியால் இயங்கும் பழைய ரிலேக்களும் மலிவாகக் கிடைக்கின்றன. ஆயினும் அவற்றில் பல 2ஜி அலையை நம்பியவை. பிரிட்டன் 2033-க்குள் அந்த அலையை நிறுத்திவிட இருப்பதால், இப்போது அவற்றை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொதிகலன் தனிக் கொட்டகையில் இருந்து, தடித்த கற்சுவர்களை வைஃபை ஊடுருவாத இடங்களில், 868 மெகாஹெர்ட்சில் இயங்கும் லோரா என்ற நெடுந்தூர வானொலித் தொடர்பு உதவும். அது ஒரு நேரத்தில் சில பைட்டுகளையே அனுப்பும். வெப்பநிலையைச் சொல்ல அதுவே தாராளம்.

இவ்வளவும் கூடிய பின்னர்தான் வடிவமைப்பின் முக்கியமான முடிவு வருகிறது. "இப்போது எரி", "இப்போது அணை" என்று கட்டளைகளை அனுப்பும் ஏற்பாடு, பிணையம் அறுந்த கணத்தில் தவறிவிடும். எரியச் சொன்ன பிறகு இணைப்பு போனால், அணைக்கச் சொல்ல வழியில்லை. வார இறுதி முழுதும் காலிக் கூடம் சூடாகிக்கொண்டிருக்கும். எனவே அனுப்ப வேண்டியது கட்டளை அன்று, கால அட்டவணை. மண்டப முன்பதிவுகள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு மின்நாட்காட்டியில்தான் இருக்கின்றன. பல நாட்காட்டிச் சேவைகள் பதிவுகளைப் பொதுவான ஐகேல் வடிவில் தருகின்றன. மண்டபத்திலுள்ள சிறு கணினி நாளுக்குச் சில முறை அதைப் படித்து, வரும் நாட்களுக்கான அட்டவணையைத் தன்னிடமே சேமித்துவைத்துக்கொண்டால், அதன் பிறகு இணைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். முன்பதிவைப் பதிந்த செயலாளர் வெப்பத்தைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை.

எப்போது தொடங்குவது என்பதையும் அந்தக் கணினியே கற்றுக்கொள்ள முடியும். ஒரு டிகிரி உயர எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒவ்வொரு முறையும் அது குறித்துக்கொள்கிறது. இது 12 நிமிடம் என்றும், கூடம் 9 டிகிரியில் இருக்கிறது என்றும், மாலை 6.30 மணிக்கு 18 டிகிரி வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், 108 நிமிடம் முன்னதாக, அதாவது 4.42-க்குக் கொதிகலன் எரிய வேண்டும். வெளியே குளிர் கூடினால் இழப்பும் கூடும் என்பதால் வெளிவெப்பநிலைக்கேற்ப அந்த எண்ணை நீட்ட வேண்டும். சுவர்கள் முந்தைய நாள் நிகழ்ச்சியால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தால் அதே எண் குறையும். சில வாரப் பதிவுகளிலேயே இந்தக் கணிப்பு மனித அனுமானத்தைவிட நன்றாக அமைந்துவிடுகிறது. முடிவிலும் இதே தந்திரம் உண்டு: ரேடியேட்டர்களில் உள்ள நீர் அணைத்த பிறகும் சூடாயிருக்குமாகையால், நிகழ்ச்சி முடிய அரை மணி நேரம் முன்பே அணைத்துவிடலாம்.

முடிவெடுக்கும் அறிவை மண்டபத்துக்குள்ளேயே வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தெர்மோஸ்டாட் தயாரிக்கும் நெஸ்ட் நிறுவனம் தான் வாங்கிய ரிவால்வ் என்ற இல்லக் கட்டுப்பாட்டுக் கருவியின் வழங்கிகளை 2016 மே மாதத்தில் நிறுத்தியபோது, அக்கருவிகள் பயனற்றுப் போயின. கூகுள் 2025 அக்டோபர் 25 முதல் முதலிரு தலைமுறை நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுகளுக்குச் செயலி வழி இயக்கத்தை நிறுத்தியது. சுவரில் திருகினால் அவை வேலை செய்யும், தொலைவிலிருந்து செய்யாது. பத்தாண்டுக்கு ஒரு முறைதான் புதிய கருவிக்குப் பணம் ஒதுக்க முடிகிற மண்டபத்துக்கு இது பெரிய அடி. உள்ளூர்க் கணினியில் ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் போன்ற திறமூல மென்பொருள் இந்த ஆபத்தைக் குறைக்கிறது. பதிலுக்கு, அதைப் புதுப்பித்துப் பராமரிக்க ஆள் தேவை. அவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் குழு தவிக்கும். கணக்குகளும் கடவுச்சொற்களும் குழுவின் பெயரில் இருப்பதும், கம்பி இணைப்பு வரைபடம் கொதிகலன் அலமாரிக்குள் ஒட்டப்பட்டிருப்பதும் எந்த மென்பொருளைவிடவும் முக்கியம் என்பது என் கருத்து.

கூடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பொத்தானாவது கொடுக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைப் பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால், குளிர்ந்த கைகள் பெட்டியைத் திறக்க வழி தேடும்; பனிக்கட்டிப் பொதியைச் சென்சருக்கு அருகில் வைப்பது பழைய உத்தி. அழுத்தினால் ஒரு மணி நேரம் கூடுதலாக எரிந்து தானே அணையும் பொத்தான், இரு தரப்புக்கும் போதுமானது.

கடைசியாக, பழுதறிதல். ரிலே கம்பிகளை இணைத்திருக்கிறது, அரை மணி ஆகியும் வெப்பநிலை ஏறவில்லை என்றால் கொதிகலன் பழுதால் தன்னைத் தானே நிறுத்திப் பூட்டிக்கொண்டுவிட்டது, அல்லது எண்ணெயில் எரியும் கொதிகலனானால் தொட்டி காலி, அல்லது யாரோ கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இதைக் கண்டதும் குழுவினருக்குச் செய்தி அனுப்பச் சில வரி நிரல் போதும். பூட்டிக்கொண்ட கொதிகலனை மீட்டியக்க, பெரும்பாலும், ஒருவர் நேரில் சென்று பொத்தானை அழுத்தத்தான் வேண்டும். மாலை நிகழ்ச்சிக்கு விருந்தினர் வந்து நிற்கும்போது ஓடுவதற்குப் பதிலாக, பிற்பகலிலேயே சென்றுவிட முடியும்.