சூரியனைப் படமெடுக்கத் தொலைநோக்கி வாங்குமுன்

மலிவான தொலைநோக்கிப் பெட்டிகள் சிலவற்றில் 'சன்' என்று பொறித்த, சின்னக் கருங்கண்ணாடி ஒன்று வரும். ஐபீஸின், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லையின், அடியில் திருகிப் பூட்டுவது. அதை இன்றைக்கே உடைத்து எறிந்துவிடுங்கள். முன்வில்லை திரட்டுகிற வெயில் முழுவதும் அந்தக் கண்ணாடிக்குக் கிட்டத்தான் குவிகிறது. சூடேறி அது வெடித்தால் கண்ணை எடுக்க அவகாசம் இராது. விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வை கெட்டது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஐபீஸுக்குள் பார்ப்பதும் இதே ஆபத்துத்தான்.

வடிகட்டி குழலின் முன்வாயில்தான் இருக்கவேண்டும். சூரியனைப் பார்ப்பதற்கென்றே விற்கும் பாடர் அஸ்ட்ரோசோலர் என்ற வடிகட்டிப் பிலிமில் 5.0 அடர்த்தி கொண்டது ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும். கண்ணுக்கும் கமராவுக்கும் பொருந்தும். 3.8 என்பது கமராவுக்கு மட்டும். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிற இடத்துக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது.

பிலிமைத் தாங்கும் மூடியை நீங்களே செய்யலாம். குழலின் வாயைச் சுற்றி 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தடித்த மட்டையால் வளையம் செய்யுங்கள். பிலிமை மேசையில் விரித்து, இருபக்க ரேப் ஒட்டிய மட்டை வட்டத்தை அதன்மேல் வைத்து அழுத்துங்கள். இழுத்து விறைப்பாக்க வேண்டாம். சுருக்கம் இருந்தால் படம் கெடாது, இழுத்தால்தான் கெடும். ஒவ்வொரு முறையும் பூட்டுமுன் பிலிமை மின்குமிழுக்கு நேரே பிடியுங்கள். ஊசித்துளை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்த மூடி வேண்டாம். வன்னியில் சோளகக் காற்று எழும் மாதங்களில் மூடி பறந்துவிடும், மூன்று இடத்தில் ரேப் ஒட்டுங்கள். குழலின்மேல் இருக்கும் சின்னத் தேடுகுழலைக் கழற்றிவிடுங்கள். அதை மறந்துவிட்டால், எட்டிப் பார்க்கிற பிள்ளையின் கண்தான் போகும். சூரியனைப் பிடிக்கத் தேடுகுழல் தேவையில்லை: நிலத்தில் விழும் குழலின் நிழல் மிகச் சிறிதாகும்வரை திருப்பினால் போதும்.

தொடங்குபவருக்கு 70 அல்லது 80 மில்லிமீற்றர் வாயுள்ள வில்லைத் தொலைநோக்கி போதும். குவியத்தூரத்தை 109ஆல் வகுத்தால் சென்சரில் விழும் சூரியனின், சந்திரனின் விட்டம் ஏறத்தாழ வரும். 900 மில்லிமீற்றருக்கு 8 மில்லிமீற்றர். பல கமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி அளவுச் சென்சரின் உயரம் 15 மில்லிமீற்றர் அளவு. வட்டம் தாராளமாக அடங்கும். கமராவைத் தொலைநோக்கியில் பூட்ட, அதற்குரிய ரி-ரிங் என்ற இணைப்பு வளையம் வேண்டும். ஆடித் தொலைநோக்கி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பலவற்றில் குவியம் கமராவின் சென்சரை எட்டாது. குவியத்தை வெளியே தள்ளும் பார்லோ வில்லை ஒன்றை இடையில் போட்டால் எட்டும்.

விலைகூடிய எக்குவற்றோரியல் தாங்கிக்கு அவசரப்பட வேண்டாம். வானம் சுழல்வதற்கு ஏற்பத் திரும்பும் அந்தத் தாங்கியின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்கவேண்டும். கிளிநொச்சி 9 பாகை அகலக்கோட்டில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும், பனங்கூடல் மறைத்துவிடும். அச்சை அவ்வளவு தாழ்த்தினால் எதிர்ப்பாரத் தண்டு முக்காலியில் இடிப்பதும் உண்டு. செக்கனில் நூறில் ஒரு பங்கில் எடுக்கும் படத்துக்கு, மெதுவாய்த் திருப்பும் திருகுள்ள உறுதியான சாதாரண தாங்கி போதும். மிச்சக் காசில் நல்ல பிலிம் வாங்குங்கள்.

படம் மங்குவதற்குக் கருவியைவிட நிலமே பெரும்பாலும் காரணம். சீமெந்து முற்றமும் தார் ரோட்டும் ஒன்பதரை மணிக்குள் சூட்டைக் கக்கத் தொடங்கும். சூரியனின் விளிம்பு கொதிநீர்போல் துடிக்கும். தண்ணீரின் மேலுள்ள காற்று அமைதியானது. உதய்ப்பூர் சூரிய ஆய்வகத்தை ஏரித் தீவில் கட்டியது அதனால்தான். எங்களுக்குக் குளங்கள் இருக்கின்றன. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கட்டு வடக்கே, தண்ணீர் தெற்கே. மாசி மாதத்தில் மழை ஓய்ந்து, குளத்தில் நீர் நிறைந்து, சூரியனும் தெற்கே சாய்ந்து நிற்கும். கட்டில் தாங்கியை நிறுத்தினால் பார்வை நீரைக் கடந்தே போகும்.

சூரியனுக்கு 5.0 பிலிமுடன் ஐஎஸ்ஓ 100, 1/125 செக்கனில் தொடங்கி, கரும்புள்ளிகளின் ஓரம் தெளியும்வரை மாற்றுங்கள். சந்திரனுக்கு வடிகட்டி வேண்டாம். முழுநிலவுக்கும் 1/125 சரிவரும். அரைநிலவின் ஒளி முழுநிலவின் பத்தில் ஒரு பங்கு அளவுதான், 1/15 வரை இறங்கவேண்டிவரும். அப்போது விரல் பட்டாலே படம் அதிரும். இரண்டு செக்கன் தாமதத்தில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். பள்ளங்களின் நிழல் பார்க்க அமாவாசை கழிந்த ஏழாம், எட்டாம் நாள்தான் நல்லது. முழுநிலவில் நிழலே இல்லை.

2010 தையிலும் 2019 மார்கழியிலும் சூரியன் வளையமாய்த் தெரியும் கங்கணக் கிரகணம் இலங்கையின் வடக்கைக் கடந்து போனது. 2027 ஓகஸ்ட் 2 பின்னேரம் பகுதிக் கிரகணம் தெரியும், அது சோளகக் காலம். மேற்கு வானம் மறையாத இடத்தையும் காற்றுத் தடுப்பையும் ஒரு மாதம் முன்பே பார்த்துவையுங்கள்.