பழைய ராணுவ லாரியில் பேட்டரி இறங்குகிறதா? ஆல்டர்னேட்டரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 லாரிகளைத் தனியார் பலர் ஏலத்தில் எடுத்து ஓட்டுகிறார்கள். இரண்டரை டன் வண்டி, 1950இல் ரியோ நிறுவனம் தொடங்கிவைத்த வரிசை. பண்ணை வேலைக்கு வாங்குபவர்களும் உண்டு, ஆசைக்கு வாங்குபவர்களும் உண்டு. இவற்றின் ஒயரிங்தான் என் வேலை. வருகிற புகார் பெரும்பாலும் ஒன்றேதான்: "ஒரு வாரம் நின்றால் ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது. ஆல்டர்னேட்டரை மாற்றியும் பார்த்துவிட்டேன்." ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அந்தப் பணம் மிச்சமாகியிருக்கும் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இது 24 வோல்ட் வண்டி. வலது பக்கப் படியை ஒட்டிய பெட்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். பலர் இரண்டுக்கும் சேர்த்து மீட்டர் வைத்து, 24.6 வோல்ட் காட்டுகிறது, பரவாயில்லை என்று மூடிவிடுகிறார்கள். அங்கேதான் தவறிப்போகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்தால் ஒன்று 12.7, இன்னொன்று 11.9 என்று இருக்கலாம். முதலாவது முழு சார்ஜில் இருக்கிறது, இரண்டாவது காலி. கூட்டிப் பார்த்தால் அது தெரியாது. வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு அளந்து, இரண்டுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணத்தைத் தேடத்தான் வேண்டும்.

காரணம் பெரும்பாலும் ரேடியோ. அல்லது போன் சார்ஜர், அல்லது கூடுதலாக மாட்டிய விளக்கு. இவை 12 வோல்ட் பொருட்கள். வண்டியில் இருப்பதோ 24. சரி, எர்த் பக்கத்து, அதாவது நெகட்டிவ் முனை வண்டியின் உடம்போடு இணைந்த, பேட்டரியிலிருந்து மட்டும் ஒரு ஒயரை இழுத்துவிடுவோம் என்று யாரோ செய்துவைத்திருப்பார்கள். நம்மூர் லாரிகளில் பாட்டு செட்டுக்கு இப்படி ஒயர் இழுப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செலவாவது ஒரு பேட்டரியிலிருந்து. சார்ஜ் கரண்ட் ஓடுவதோ இரண்டின் வழியாகவும் ஒரே அளவில். அதனால் அந்த எர்த் பக்கத்து (கீழ்ப்) பேட்டரி என்றைக்கும் நிரம்புவதில்லை. ஆல்டர்னேட்டருக்கு மொத்த வோல்ட் மட்டும்தான் தெரியும். அது 28ஐக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கீழ்ப் பேட்டரியில் 13 நின்றால் மற்றதில் 15 ஏறும். 15 வோல்ட்டில் அந்த நல்ல பேட்டரி கொதிக்கும், தண்ணீர் வற்றும், ஹைட்ரஜன் வாயு வெளியேறும். இப்படியே விட்டால் இரண்டும் போய்விடும்: ஒன்று பட்டினியால், மற்றது அளவு மீறியதால். பழி வந்து விழுவது ஆல்டர்னேட்டர் மேல்.

12 வோல்ட் தேவை என்றால் 24ஐ 12ஆக இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி இரண்டு பேட்டரிக்கும் குறுக்கே இணையுங்கள். இல்லையென்றால் இரண்டு பேட்டரியின் சார்ஜையும் சமமாக வைக்கும் பேட்டரி ஈக்வலைசர் போடுங்கள். 1984இல் வந்த சியுசிவி என்ற செவ்ரோலே ராணுவ வண்டிகளில் 12, 24 இரண்டுமே தேவைப்பட்டன. அதற்காக ராணுவமே ஒரு பேட்டரிக்கு ஒன்று என்று இரண்டு ஆல்டர்னேட்டர்களை வைத்தது. ஒற்றை ஒயரில் முடிகிற வேலையாக இருந்தால் அத்தனை மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது சுவிட்ச். இந்த லாரிக்குச் சாவி கிடையாது, டேஷ்போர்டில் ஒரு நெம்பு சுவிட்ச்தான். இன்ஜினை நிறுத்துவது அந்தச் சுவிட்ச் இல்லை. டீசலை அடைக்கும் கைப்பிடியை இழுத்தால்தான் நிற்கும். இன்ஜின் நின்றதும் வேலை முடிந்தது என்று இறங்கிப் போய்விடுவார்கள். சுவிட்ச் ஆனிலேயே இருக்கும், டேங்குக்குள் இருக்கிற மின்பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். பிரேக் காற்று மெல்லக் கசிந்து அழுத்தம் குறைந்ததும் பஸ்ஸர் கத்தி, சுவிட்ச் ஆனில் இருப்பதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று அதன் ஒயரைப் பிடுங்கிப்போட்ட வண்டிகள் எத்தனையோ வருகின்றன. பஸ்ஸரைத் திரும்ப இணைத்துவிடுங்கள், பிரேக்குக்கும் அதுதான் காவல்.

இனி எர்த். பல வருஷப் பெயின்ட், மேலே மேலே அடித்தது, போல்ட்டுக்கு அடியிலும் புகுந்திருக்கும். வெளியே பார்க்கப் பளிச்சென்று இருக்கும், உள்ளே துரு. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தின் ஈயத்திலேயே வையுங்கள், கிளாம்பில் வேண்டாம். மறுமுனையை ஸ்டார்ட்டர் மோட்டாரின் உடம்பில் வைத்துவிட்டு, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். மோட்டார் சுற்றும்போது மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ பிடிப்பு சரியில்லை. கழற்றி, உலோகம் மின்னும்வரை சுரண்டி மாட்டுங்கள். சுரண்டும்போது தூசிக்கேற்ற நல்ல மாஸ்க் அவசியம். பழைய ராணுவப் பெயின்ட்டிலும் பிரைமரிலும் ஈயமும் குரோமியமும் இருக்கக்கூடும். தண்ணீர் தெளித்து ஈரத்தோடு சுரண்டுவது இன்னும் நல்லது.

ஒவ்வொரு ஒயரின் முனையிலும் எண் பொறித்த சின்ன உலோகப் பட்டை ஒன்று இருக்கும். வண்டியின் சர்க்யூட் படத்தில் அதே எண்தான் இருக்கும். ஒயர் முனையில் புது லக் (இணைப்பு வளையம்) அடிக்கிற அவசரத்தில் அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் அப்புறம்தான் ஆல்டர்னேட்டர். இன்ஜினை ஐடிலுக்குச் சற்று மேலே ஓடவிட்டு மொத்த வோல்ட்டைப் பாருங்கள், 27.5 முதல் 28.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் பெல்ட் வழுக்குகிறதா, சுவிட்சிலிருந்து ஆல்டர்னேட்டருக்குப் போகிற ஒயரில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் உள்ளே காந்தப்புலம் உண்டாகாது, புது ஆல்டர்னேட்டர் போட்டாலும் சார்ஜ் ஏறாது. பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு இன்ஜின் ஓடுகிறதா என்று சோதிப்பது ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் அதைச் செய்தால் வோல்ட் ஒரேயடியாக எகிறி ரெகுலேட்டரும் டையோடும் எரிந்துபோகும். டீசல் இன்ஜின் ஆல்டர்னேட்டர் இல்லாமலும் ஓடும் என்பதால் அந்தச் சோதனைக்கு அர்த்தமும் இல்லை.

பக்கத்தில் நிற்கிற காரிலிருந்து ஜம்ப் கொடுப்பதும் வேண்டாம். 12 வோல்ட் காரை 24 வோல்ட்டுக்குக் குறுக்கே மாட்டினால் காரின் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். லாரியில் இதற்கென்றே ஸ்லேவ் சாக்கெட் இருக்கிறது, இன்னொரு 24 வோல்ட் வண்டியிலிருந்து கேபிள் போட்டு எடுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் மோதிரம், வாட்ச், செயின் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், பேட்டரிப் பெட்டி மூடியைத் திறந்து சற்று நேரம் காற்றாட விடுங்கள். எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அது கடைசியில்.