தகரத்துக்குள் ஒரு மர எலும்புக்கூடு: பழைய காரின் உள்மரத்தை மாற்றுவது எப்படி

தக்கலைக்குப் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையில், 1930களின் தொடக்கத்தில் செய்த நான்கு கதவு செவ்ரோலே ஒன்று நிற்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் அதன் மறுமுனை தொங்கும், மூடும்போது தூக்கிப் பிடித்துத்தான் தள்ள வேண்டும். கீல் தேய்ந்துவிட்டது என்று நினைத்து இரண்டு முறை கீல் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், சரியாகவில்லை. குளச்சலில் வள்ளம் கட்டிப் பழகிய ஆசாரி ஒருவரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அவர் கதவைத் தொடவே இல்லை. குனிந்து, முன் தூணின் அடியில் ஒரு ஸ்குரு டிரைவரை வைத்து அழுத்தினார், அது புட்டுமாவுக்குள் இறங்குவதுபோல இறங்கியது. "கீலுல ஒண்ணும் இல்ல மக்கா, கீலைப் பிடிச்சிருக்க மரம் போச்சு" என்றார்.

அந்தக் காலத்துக் கார்களில் பலவற்றுக்கு வெளியில் தெரிவது மட்டும்தான் இரும்பு. உள்ளே அடிக்கட்டை, தூண்கள், கதவுச் சட்டம், கூரைச் சட்டம் எல்லாம் மரம். தகரத்தை அதன்மேல் போர்த்தி, ஓரத்தை மடித்து, சிறு ஆணிகளால் அடித்திருப்பார்கள். ஏன் மரம் என்றால், ஒரு மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள தகரம் தானாக நிற்காது. ஒரு பொருள் வளையாமல் நிற்கும் திறன் அதன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது, அதாவது தடிப்பு இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்காகும். எஃகு தேக்கைவிடப் பல மடங்கு விறைப்பான பொருள்தான், ஆனாலும் அதே அகலத்தில் 40 மி.மீ தடிப்புள்ள தேக்குக் கட்டை 1 மி.மீ தகரத்தைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் வளைவைத் தாங்கி நிற்கும். அமெரிக்காவில் எட்வர்ட் பட் என்பவர் 1910களிலேயே முழு எஃகு உடலைச் செய்து காட்டிவிட்டார், ஆனால் அதற்குப் பெரிய அச்சுகளும் ராட்சத அழுத்து இயந்திரங்களும் வேண்டும். செவ்ரோலே 1937 மாடல்களில்தான் மரத்தை விட்டு முழு எஃகுக்கு வந்தது. இங்கிலாந்தின் மார்கன் கார்கள் சிலவற்றில் இன்றைக்கும் ஆஷ் என்ற மரத்தில்தான் உடற்சட்டம் செய்கிறார்கள்.

சரி, கதவு ஏன் தொங்குகிறது? தூணின் அடி மெத்துப்போய் ஒரு டிகிரி சாய்ந்தால் போதும், 80 செ.மீ அகலக் கதவின் மறுமுனை கிட்டத்தட்ட 14 மி.மீ இறங்கிவிடும். புதுக் கீல் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

மரத்தைத் தின்பது ஈரம் என்று சொல்கிறோம், உண்மையில் தின்பது பூஞ்சை. மரத்தின் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருக்கும்வரை அழுகல் பூஞ்சை வளராது. அதற்கு மேலே போய் அங்கேயே தங்கினால்தான் ஆபத்து. இந்தக் காரில் தண்ணீர் வர வழி நிறைய. அன்றைக்குக் கூரை முழுவதையும் மூடும் அளவு அகலமான தகரத்தை அழுத்தி எடுக்க முடியாததால், கூரையின் நடுப்பகுதியை மரச் சட்டங்களின்மேல் துணி போர்த்தித்தான் மூடினார்கள். அந்தத் துணி ஓரத்தில் விரிசல் விட்டால் மழைநீர் தூணுக்குள் வழிந்து அடிக்கட்டையில் போய் நிற்கும். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவுக்குள்ளும் தண்ணீர் போகும், அது வெளியேறக் கீழே சிறு துளைகள் உண்டு, தூசி அடைத்துக்கொண்டால் கதவின் அடிச்சட்டம் தொட்டிக்குள் கிடப்பதுபோலக் கிடக்கும். மரத்தின் வெட்டுமுனை, பக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை இழுக்கும். தூண் எப்போதும் அடியில் முதலில் போவது இதனால்தான்.

நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு, மரம் முழுசாகக் காயவே இடைவெளி கிடைப்பதில்லை. போதாததற்குக் கடல்காற்றின் உப்பு. ஆணி துருப்பிடித்தால் துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், மரத்தை உள்ளிருந்தே பிளக்கும், அந்தப் பிளவில் மறுபடி தண்ணீர்.

இனி மாற்றும் வேலை. இதில் பலரும் செய்யும் பெரிய தவறு, ஆர்வத்தில் எல்லாத் தகரத்தையும் ஒரேயடியாகக் கழற்றிவிடுவது. அப்புறம் அந்த வடிவம் உலகத்தில் எங்கேயும் இருக்காது. மரம் அழுகியிருந்தாலும் காரின் வடிவத்தை ஞாபகம் வைத்திருப்பது அதுதான். அதனால் முதலில் கதவு வாசலில் தூணுக்குத் தூண் இரும்புக் குழாயைக் குறுக்கே முடுக்கிவிட வேண்டும், மூலைவிட்டங்களை இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும், பிறகு ஒரு நேரத்தில் ஒரு துண்டு மட்டும். அடிக்கட்டை முதலில், அதன்மேல் தூண், கடைசியாகக் கூரைச் சட்டம். வீட்டின் நிலைப்படியை மாற்றும்போது மேலே முட்டுக் கொடுப்பதுபோலத்தான்.

தகரத்தின் மடிப்பைப் பிரிப்பது மிகப் பொறுமையான வேலை. எஃகை வளைக்க வளைக்க அது இறுகும், இறுகியதை மீண்டும் வளைத்தால் வெடிக்கும். ஏற்கெனவே ஒருமுறை மடிக்கப்பட்ட ஓரம் அது. பிரிக்கவும் திரும்ப மடிக்கவும் என்று இன்னும் இரண்டு வளைவுகள் பாக்கி இருக்கின்றன. கேஸ் தீயில் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி மெதுவாக ஆறவிட்டால் எஃகு மறுபடி இளகிய தன்மைக்கு வரும், ஆனால் பக்கத்தில் மரம் இருக்கும்போது தீயைக் காட்டக் கூடாது.

வெளியே வரும் பழைய துண்டு பாதி தூளாகத்தான் வரும். அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், தயவுசெய்து. இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசையான எப்பாக்ஸியை நீர்த்த பதத்தில் ஊற்றி இறுகவிட்டு, உடைந்தவற்றை ஒட்டிச் சேர்த்தால் அதுதான் அளவு. ஆணித் துளைகள்கூடச் சரியான இடத்தைச் சொல்லும். ஒரு பக்கத் துண்டு சுத்தமாகப் போயிருந்தால் மறுபக்கத்துத் துண்டைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வரையலாம்.

எந்த மரம்? கோடாலிக் காம்புக்குப் பேர்போன ஆஷ் அதிர்ச்சியைத் தாங்கும், ஸ்குருவை இறுகப் பிடிக்கும், ஆனால் அழுகலை எதிர்க்காது. நம் ஊரில் தேக்கும் அயனியும் இருக்கும்போது அதைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து. தேக்கு அதிர்ச்சியில் ஆஷ் அளவு நெகிழாது, ஆனால் அதன் நடுவிலுள்ள வைரப்பகுதி எளிதில் அழுகாது, ஈரம் ஏறி இறங்கும்போது ஆஷைவிடக் குறைவாகவே சுருங்கி விரியும். அதன் எண்ணெய்ப் பசையால் எப்பாக்ஸி சரியாகப் பிடிக்காது, ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோனால் துடைக்க வேண்டும். குலசேகரம் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று ரப்பர் மரத்தை மட்டும் வைத்துவிடக் கூடாது. மாவுச்சத்து அதிகமுள்ள மரம், மருந்து ஏற்றாவிட்டால் பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரமே வரும். எந்த மரமானாலும் ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி வரும்வரை நிழலில் அடுக்கி உலர்த்த வேண்டும். ஆரல்வாய்மொழிக் காற்றில் பலகையை அப்படியே போட்டால் முனைகள் முந்திக் காய்ந்து வெடிக்கும், முனையில் பெயிண்ட் பூசிவிட்டு வைப்பது நல்லது.

வளைந்த தூண்தான் சிக்கல். அகலமான பலகையில் வளைவை வரைந்து அறுத்தால் பார்க்கச் சரியாக இருக்கும், ஆனால் நார் ஓட்டம் குறுக்கே வெட்டுப்பட்ட இடத்தில் ஒருநாள் முறியும். வள்ளத்தின் விலா எலும்புகளுக்கு வளைந்தே வளர்ந்த கிளையைத் தேடிப் பிடிப்பார்கள் என்று ஆசாரி சொன்னார், காரணம் அதேதான். அப்படிக் கிளை கிடைக்காவிட்டால் 3 மி.மீ தடிப்பில் பட்டைகளாக அறுத்து, வளைவான அச்சின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக எப்பாக்ஸி போட்டுக் கவ்விவிடலாம். இன்னொரு வழி, இறுக மூடிய பெட்டியில் ஒரு அங்குலத் தடிப்புக்குச் சுமார் ஒரு மணிநேரம் நீராவி காட்டி, நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் இளகியதும் எடுத்து உடனே வளைப்பது. தேக்கு இதற்கு அவ்வளவாக இணங்காது. நாங்கள் பட்டை ஒட்டும் வழியைத்தான் எடுத்தோம்.

இணைப்புகளில் ஒரு முனையைச் செதுக்கி இன்னொன்றின் துளைக்குள் செருகி, எப்பாக்ஸியும் ஸ்டெயின்லெஸ் ஸ்குருவும் போட்டோம். மாட்டுவதற்கு முன் போரிக் அமிலமும் போராக்ஸும் கரைத்த நீரைப் பூசிக் காயவைத்தோம், இது பூஞ்சைக்கும் பூச்சிக்கும் ஆகாது. ஆனால் தண்ணீர் பட்டால் கரைந்து போய்விடும் என்பதால் மேலே பெயிண்ட் அவசியம், வெட்டுமுனைகளில் மூன்று கை. கதவடித் துளைகளைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தோம்.

கடைசியாகக் கதவை மாட்டியபோதும் பூட்டுப் பக்கம் 4 மி.மீ தாழ்ந்தே நின்றது. அதற்கு மரத்தைச் செதுக்கத் தேவையில்லை. காரின் உடல், சேசிஸ் என்ற அடி இரும்புச் சட்டத்தின்மேல், இடையில் பட்டைகள் வைத்து போல்ட் போட்டு உட்காருகிறது. முன் தூணுக்குக் கீழே இருந்த பட்டையின் தடிப்பைக் கொஞ்சம் குறைத்து, போல்ட்டைப் பழையபடி இறுக்கினோம். தூண் முன்பக்கமாக மயிரிழை சாய்ந்தது, கதவின் மறுமுனை மேலே ஏறியது. ஆசாரி ஒற்றை விரலால் தள்ளினார், பூட்டு விழுந்தது.