இன்மைக் கருதுகோள்

கருது + கோள். ‘கொள்’ என்ற வினை நீண்டு ‘கோள்’ ஆனது. குறிக்கோள், மேற்கோள் எல்லாம் இப்படி வந்தவைதான். ஒன்றை இப்போதைக்கு மெய் என்று கருதிக்கொண்டு, அப்புறம் சோதித்துப் பார்க்கிறோம் அல்லவா, அதுதான் கருதுகோள். ஆங்கிலத்தின் ஹைப்பாதிசிஸ் கிரேக்கத்திலிருந்து வந்தது. ஹைப்போ என்றால் கீழே, தீசிஸ் என்றால் வைத்தல்; வாதத்துக்கு அடியில் வைப்பது.

இதற்கு முன்னால் ‘நல்’ (null) என்ற அடைமொழியைச் சேர்த்து 1935-இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர். அப்படியே தமிழில் எழுதினால் ‘நல்ல’ என்று படித்துவிடுவோம். மூலமான லத்தீன் சொல்லுக்கு ‘எதுவுமில்லை’ என்று பொருள்.

எது இல்லை? கனடாவின் கொலம்பியா மலைகளில் பனி ஆழமாகக் குவியும். அதற்குக் கிழக்கே ராக்கி மலைகளில் குளிர் அதிகம், பனி குறைவு. இரண்டிலும் பனிச்சரிவுகளின் சராசரித் தடிமன் வேறுபடுகிறதா என்று கேட்கிறோம். ‘வேறுபாடு இல்லை’ என்று தொடங்குகிறோமே, அந்த ‘இல்லை’தான் இன்மை. ‘வேறுபாடு உண்டு’ என்பது மாற்றுக் கருதுகோள்.

பனி அடுக்கு பலகைபோல மொத்தமாகப் பெயர்ந்து சரிந்ததும், மேல் விளிம்பில் வெட்டிவிட்ட சுவர்போல ஒரு முகம் நிற்கும். அதில் அளவுகோலை மலைச்சரிவுக்குச் செங்குத்தாக வைத்து அளந்தால் தடிமன். நேர்கீழாகப் பிடித்தால், 40 பாகைச் சரிவில் 60 செ.மீ. தடிமன் 78 செ.மீ. ஆகிவிடும். ஒரு மலையில் ஒருவிதமாகவும் அடுத்ததில் வேறுவிதமாகவும் அளந்திருந்தால், அதற்குமேல் எந்தக் கணக்குப் போட்டும் பயனில்லை.

சரி, அளந்தாயிற்று. இரு சராசரிகளின் வித்தியாசத்தை அதன் திட்டப்பிழையால், அதாவது வேறு சரிவுகளை அளந்திருந்தால் அந்த வித்தியாசம் எவ்வளவு முன்பின்னாக இருந்திருக்கும் என்பதன் மதிப்பீட்டால், வகுக்கிறோம். டப்ளினின் கின்னஸ் மதுவடிப்பாலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்த டி-சோதனை இது. ஈவு போதுமான அளவு பெரிதென்றால் இன்மைக் கருதுகோளை நிராகரிக்கலாம்.

சூனியக் கருதுகோள், சுழியக் கருதுகோள் என்றும் எழுதுகிறார்கள். எனக்கு ‘இன்மை’யே பிடிக்கிறது, சுழியம் ஓர் எண், இன்மையோ ‘வேறுபாடு இல்லை’ என்ற கூற்றையே சொல்லிவிடுகிறது.

ஈவு சிறிதாக வந்தால் ‘இன்மைக் கருதுகோள் ஏற்கப்பட்டது’ என்று எழுதுவதுதான் என்னை உறுத்துகிறது. ‘நிராகரிக்கப் போதிய சான்று இல்லை’ என்பதே சரி. மலைக்குப் பத்துப் பனிச்சரிவுகளை மட்டும் அளந்திருந்தால், உண்மையிலேயே இருக்கும் வேறுபாடுகூட அளவுகளின் சிதறலில் மறைந்துபோயிருக்கலாம்.