சிறுநீர்ப்பை வேறு, சிறுநீரகம் வேறு

பெரியப்பாவுக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. வலி கிடையாது. உள்ளே கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அப்புறம் கையில் கொடுத்த தமிழ்த் துண்டறிக்கையில் 'சிறுநீரகப்பைப் புற்றுநோய்' என்று அச்சிட்டிருந்தது. அன்று ராத்திரியே சித்தப்பா, "என் கிட்னி ஒண்ண எடுத்துக்கச் சொல்லுங்க" என்று பஸ் ஏறி வந்துவிட்டார். பெரியப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் நன்றாகவே இருந்தன. புற்று இருந்தது சிறுநீர்ப்பையில்.

சொல் எளிது: சிறுநீர், பை. இரைப்பை, பித்தப்பை, கருப்பை போல இதுவும் ஒன்று. பிளாடர் என்பது இதைத்தான்.

நடுவில் இந்த 'அகம்' எப்படி நுழைந்தது? சிறுநீரகம் என்றதும் சிறுநீர் தங்கும் வீடு என்று காதில் விழுகிறது. உண்மையில் அங்கே ரத்தம் வடிகட்டப்பட்டுச் சிறுநீர் உண்டாகிறது, தங்குவதில்லை. குழாய் வழியே இறங்கி அடிவயிற்றுப் பையில் சேர்கிறது. 'சிறுநீரகப்பை' என்றால் சிறுநீரகத்தோடு ஒட்டிய பை என்றாகி, அடிவயிற்று உறுப்பு விலாவுக்குப் பின்னால் போய்விடுகிறது.

"எல்லாம் சிறுநீர் சம்பந்தப்பட்டதுதானே, புரிஞ்சுக்குவாங்க" என்கிறார்கள். புரியாது. அந்தச் சொல்லை வைத்துத் தேடினால் டயாலிசிஸ், கிரியாட்டினின் என்று சிறுநீரகம் பழுதானவர்களுக்கான வேறு ஊருக்குப் போய்ச் சேருவோம். சிறுநீரகப் புற்று என்றால் பெரும்பாலும் அந்தச் சிறுநீரகத்தையோ அதில் ஒரு பகுதியையோ வெட்டி எடுப்பார்கள். பையின் உள்தோலோடு நிற்கும் புற்றைச் சிறுநீர் வெளியேறும் வழியாகவே கருவி விட்டுச் சுரண்டி எடுக்கிறார்கள். தேவைப்பட்டால், குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பூசியாகப் போடும் பிசிஜி மருந்தைப் பைக்குள் செலுத்துகிறார்கள்.

மூத்திரப்பை வடசொல் கலந்தது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நானும் சிறுநீர்ப்பை என்றுதான் எழுதுவேன். ஆனால் "மூத்திரப்பையிலயா?" என்று கேட்ட பெரியம்மாவின் கை நேராக அடிவயிற்றுக்குப் போனது. இலங்கையில் சலப்பை என்றாலும் அப்படித்தான். தூய்மை பார்த்து இடத்தைத் தவறவிடும் சொல்லைவிட இவை எவ்வளவோ மேல். மொழிபெயர்ப்பவர்கள் அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு மருத்துவரிடமும் ஒரு நோயாளியிடமும் படித்துக் காட்டக் கூடாதா? யார் சரிபார்த்தார், எந்த வருஷம் என்ற குறிப்பு இல்லாத துண்டறிக்கையை நான் இப்போது நம்புவதில்லை.

பெரியப்பாவுக்குக் கொடுத்த துண்டறிக்கையில் புகைபிடிப்பதைப் பற்றியும் ஒரு வரி இல்லை. இந்தப் புற்றுக்கு முதல் காரணமே அதுதான். புகையின் நஞ்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரில் வடிந்து, பைக்குள் மணிக்கணக்கில் கிடக்கிறது. சரியான சொல்லைச் சொல்லி இதை விளக்கியதும் பெரியப்பா கேட்டார்: "அப்போ நான் குடிச்ச பீடியெல்லாம் அந்தப் பையிலதான் தங்குச்சா?"